நாயோடு வெளியே கிளம்புமுன்...

(வானொலிப் பண்ணைப் பேச்சு. பேசியவர்: தாம்பரம் பகுதி வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர்)



நெல்லைப் பற்றியும் நிலக்கடலையைப் பற்றியும் பேச வேண்டிய ஆள் இன்றைக்கு நாயைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள், குற்றமில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரவில் உங்கள் பம்புசெட்டுக்குக் காவல் யார்? களத்தில் குவித்த நெல்லுக்கும் பட்டியில் அடைத்த ஆட்டுக்கும் காவல் யார்? சம்பளம் கேட்காத அந்தக் காவல்காரனைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினால் தப்பில்லை.

முன்பெல்லாம் நம் பக்கத்து நாய்க்கு ஊர் முழுதும் சொந்தம். காலையில் வயலுக்குக் கூடவே வரும். ஏரிக்கரையில் ஓடும். பொழுது சாய்ந்தால் வாசலில் படுக்கும். அதைக் கட்டவும் வேண்டாம், அழைத்துப் போகவும் வேண்டாம். இப்போது தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென், மேடவாக்கம் பக்கமெல்லாம் நிலைமை என்ன? வரப்பு இருந்த இடத்தில் தெரு, களத்து மேடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. ஜி.எஸ்.டி. சாலையிலும் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையிலும் இரவு பகல் வண்டி ஓய்வதில்லை. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியே ஆகிவிட்டது. ஊர் மாறிவிட்டது, நாய் மட்டும் பழைய ஊரையே நினைத்துக்கொண்டு குறுக்கே ஓடுகிறது. அதனால்தான் நாயை வெளியே அழைத்துப் போவதும் இன்றைக்கு ஒரு வேலையாகிவிட்டது. அந்த வேலையைப் பழகிக்கொள்ள வேண்டும்.

மேல்நாட்டிலே நாய்கள் ஓடி விளையாடுவதற்கென்றே வேலி போட்ட பூங்கா வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பெர்க்லி என்ற ஊரில் 1979ஆம் ஆண்டிலேயே இப்படி ஒன்று ஏற்பட்டது. நம் நாட்டில் ஹைதராபாத் மாநகராட்சி கொண்டாப்பூரில் 2018ஆம் ஆண்டு ஒன்று திறந்தது. நம் கிராமத்தில் அப்படிப் பூங்கா ஏது என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் நாலு தெரு நாயும் ஓரிடத்தில் கூடுகிற நாள் நமக்கும் உண்டு. அதுதான் வெறிநோய்த் தடுப்பூசி முகாம். அங்கே போகவும், வீட்டுக்குப் பக்கத்து வெட்டவெளியில் நாயை உலாத்தி விளையாட விடவும், பூங்காவுக்குப் போகிறவர் செய்யும் அதே ஏற்பாடுகள்தான் வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் ஏற்பாடு, ஊசி

வெறிநோய் என்பது ரேபிஸ். வெறி கொண்ட பிராணியின் எச்சிலில் அந்தக் கிருமி இருக்கிறது. கடித்த காயம் வழியாக நரம்பில் ஏறி மூளைக்குப் போகிறது. நோயின் அறிகுறி வெளிப்பட்டுவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இதனால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் 100க்கு 36 பேர் நம் நாட்டவர். மனிதருக்கு வருகிற வெறிநோயில் 100க்கு 99 நாய் மூலமாகத்தான் வருகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தேகமான பிராணியிடம் கடிபடுகிறவர்களில் 100க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். ஏனென்றால் பிள்ளைதான் நாயின் முகத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைக்கும்.

இதைத் தடுக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. 1885ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றிக் காட்டினார். நம் நீலகிரிக் குன்னூரில் 1907ஆம் ஆண்டே பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஆம் தேதியைத்தான் உலக வெறிநோய் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்தச் சமயத்தில் பல ஊர்களில் முகாம் நடக்கும். ஓர் ஊரில் உள்ள நாய்களில் 100க்கு 70க்காவது ஊசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்பது அறிஞர்கள் கண்ட முடிவு. ஆக, உங்கள் நாய்க்குப் போடும் ஊசி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் காவல்.

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் ஊசி. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஊக்க ஊசி. பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை. அட்டை கொடுப்பார்கள். அதை ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வையுங்கள். ஒன்றை மறக்காதீர்கள். முதல் ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஊற மூன்று, நான்கு வாரம் ஆகும். ‘ஊசிதான் போட்டாச்சே’ என்று மறுநாளே கட்டை அவிழ்த்து ஊர் மேய விடக்கூடாது. ஊசி போடாத சின்னக் குட்டியை நாய்கள் கூடும் வெளியில் இறக்கிவிடவும் கூடாது. பார்வோ என்ற இரத்தக் கழிச்சல் நோய் குட்டிகளை மூன்று நாளில் கொண்டுபோய்விடும். அதற்கும் வேறு ஊசி இருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

ஊசியோடு குடற்புழு நீக்க மருந்தும் கொடுங்கள். ஆடு வெட்டிய இடத்துப் பச்சைக் கழிவை நாய்க்குப் போடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிட வேண்டும். அந்தக் கழிவில் உள்ள நாடாப்புழுக் கட்டிகள் நாயின் வயிற்றில் வளர்கின்றன. நாய் மலம் கழித்த இடத்தில் ஆடு மேய்ந்தால், அதன் மூளையில் நீர்க்கட்டி உண்டாகி, ஆடு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து விழும். ‘என்னமோ காத்து கருப்பு’ என்று மந்திரிக்கிறோமே, அதில் சிலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. எனவே கழிவைப் புதைத்துவிடுங்கள். வெளியே போகும்போது ஒரு பழைய காகிதமோ சிறு முறமோ கையில் இருக்கட்டும். நம் நாய் அசிங்கம் செய்த இடத்தை நாமே சுத்தம் செய்ய வேண்டும்.

இரண்டாவது, கழுத்துப்பட்டையும் கயிறும்

நம் நாட்டு நாய்க்குக் கயிறு என்றாலே பயம். ஒரு நாளும் கட்டாத நாயை முகாம் நாளன்று திடீரென்று கட்டி இழுத்தால் அது மிரளும், புரளும், கடிக்கும். தப்பு நாயின் மேல் இல்லை. உழவு பழக்காத காளையை நேராக ஏரில் பூட்டுவோமா? அதுபோலத்தான் இதுவும்.

இரண்டு வாரத்துக்கு முன்பே ஆரம்பியுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் வெறும் பட்டை மட்டும் கழுத்தில் இருக்கட்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். அடுத்து, கயிற்றை மாட்டி, உங்கள் கண் பார்வையில் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு திரியட்டும். பிறகு வாசலில் நடத்துங்கள், அப்புறம் தெருமுனை வரை. கூப்பிட்டதும் வந்தால் வேகவைத்த முட்டையில் ஒரு கடுகளவு துண்டு கொடுங்கள். அடிக்காதீர்கள். அடித்துப் பழக்கிய நாய் உங்கள் கையைக் கண்டு ஒதுங்குமே தவிர, கூப்பிட்டால் வராது.

கயிறு நான்கு, ஐந்து அடி போதும். மாட்டுக்குப் போடுகிற சுருக்கு முடிச்சை நாயின் கழுத்தில் நேரடியாகப் போடாதீர்கள். இழுக்க இழுக்க இறுகி மூச்சை அடைக்கும். கயிற்றை உங்கள் கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம். நாய் பாய்ந்தால் விரல் முறியும். கயிற்றைப் பிடிக்கிற ஆள் நாயைவிடப் பலமுள்ளவராக இருக்க வேண்டும். பத்து வயதுப் பையனிடம் ராஜபாளையம் நாயைக் கொடுத்து அனுப்பினால், யார் யாரை அழைத்துப் போகிறார் என்பது தெருவுக்கே தெரியும்!

முகாமில் கடிக்கக் கூடிய நாய்க்கு வாய்க்கூடு அவசியம். ஆனால் வாயை இறுக்கிக் கட்டும் துணி வெயிலில் கூடாது. ஏன் தெரியுமா? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதால்தான் சூட்டை வெளியேற்றுகிறது. வாயைத் திறந்து இரைக்க இடம் விட்டு, கூடை போலப் பின்னிய வாய்க்கூடுதான் நல்லது. அதையும் வீட்டிலேயே இரண்டு நாள் மாட்டிப் பழக்குங்கள்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தியைக் கேட்டிருப்பீர்கள். பொது இடத்தில் கட்டில்லாத நாய் எவ்வளவு ஆபத்து என்பதற்கு அது ஒன்றே போதும். உங்கள் பகுதி மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் நாய் வளர்ப்பு உரிமத்தைப் பற்றிய விதியைக் கேட்டு, அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, நேரமும் வழியும்

நம் சென்னைப் பக்கத்து வெயில் எப்படிப்பட்டது! 2003 மே 31ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. கோடையில் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுட்டுப் பொத்துவிடும். புறங்கையைத் தரையில் ஐந்து எண்ணும் வரை வைத்துப் பாருங்கள். உங்கள் கை தாங்கவில்லை என்றால் நாயின் காலும் தாங்காது. விடியற்காலையிலோ, பொழுது சாய்ந்த பிறகோ கிளம்புங்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் குடிக்க ஒரு கிண்ணமும் கையோடு இருக்கட்டும். பொதுத் தொட்டித் தண்ணீரும் தேங்கின குட்டைத் தண்ணீரும் வேண்டாம். 2015 வெள்ளத்தை முடிச்சூர்ப் பக்கம் கண்ணால் பார்த்தவர்கள் நாம். வெள்ளம் வடிந்த பிறகு தேங்கும் நீரில் எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் பரவும். அது நாய்க்கும் வரும், நமக்கும் வரும்.

நாய் நிற்காமல் இரைத்து, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் அது வெப்ப அடி. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள். மூடிய காருக்குள் ‘அஞ்சு நிமிஷந்தானே’ என்று நாயை விட்டுப் போவது அதைக் கொல்வதற்குச் சமம்.

சின்ன யானை வண்டியில் ஏற்றுகிறவர்கள் கவனியுங்கள். கயிற்றை நீளமாக விட்டால் நாய் பக்கவாட்டில் குதித்துத் தொங்கிச் செத்துப்போகும். குட்டையாகக் கட்டி, ஒருவர் கூடவே உட்காருங்கள்.

இடத்தையும் பார்த்து எடுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் நன்மங்கலம் காடும் பறவைக்கும் காட்டுப் பிராணிக்கும் உரியவை. பள்ளிக்கரணை 2022ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். அங்கெல்லாம் நாயை அவிழ்த்துவிடலாகாது. அறுவடையான உங்கள் சொந்த வயல், சுற்றிலும் வேலியிருந்தால், அதைவிட நல்ல நாய்ப் பூங்கா வேறு கிடையாது. ஆனால் அவிழ்ப்பதற்கு முன் ஒரு சுற்று நீங்கள் நடந்து பாருங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கிறதா? மோட்டார் ஒயர் தரையில் கிடக்கிறதா? வேலிகாத்தான் முள் சிதறிக் கிடக்கிறதா?

இங்கே என் துறையைச் சேர்ந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. எலிக்கு மருந்து வைத்த வயலில் நாயை விடாதீர்கள். துத்தநாக பாஸ்பைடு கலந்த கருப்பு மருந்தை நாய் தின்றால் வயிற்றில் நச்சு வாயு உண்டாகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. புரோமடியலோன் கட்டி வேறு விதம். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து உள்ளே இரத்தம் கசியும். சீக்கிரம் கொண்டுபோனால் வைட்டமின் கே ஊசியால் காப்பாற்றலாம். செத்த எலியைத் தின்றாலும் ஆபத்துதான். ஆகவே மருந்து வைத்தவர்கள் செத்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதையுங்கள். பூச்சிமருந்து தெளித்த வயலிலும் சில நாள் விடவேண்டாம். காலி டப்பாவை நக்கி எச்சில் ஒழுகி உடம்பு உதறினால், அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் சிகிச்சை சுலபமாகும்.

நான்காவது, நாய்கள் கூடுமிடத்தில்

பருவத்துக்கு வந்த பெட்டை நாயை, சுமார் மூன்று வாரம் வரை, கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பத்துக் கடுவன் சண்டை போட அதுவே போதும். சளி, கழிச்சல், சொறி உள்ள நாயையும் கொண்டுபோக வேண்டாம். மருத்துவரிடம் தனியே காட்டுங்கள்.

முகாமில் ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் பத்தடியாவது இடைவெளி இருக்கட்டும். இரண்டு நாயை நேருக்கு நேர் நிறுத்தி, கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் சண்டையை நாமே மூட்டுகிறோம். நாயின் உடம்பு பேசும், அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முன்காலைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கிக் குனிந்தால், ‘வா, விளையாடலாம்’ என்று அர்த்தம். முதுகு மயிர் சிலிர்த்து, வால் விறைத்து, கண் இமைக்காமல் பார்த்தால், ‘கிட்டே வராதே’ என்று அர்த்தம். வாலை உள்ளே இழுத்து, காதைப் பின்னுக்குச் சாய்த்து, உதட்டை நக்கினால் அது பயந்திருக்கிறது. பயந்த நாயும் கடிக்கும். வால் ஆட்டுகிற நாயெல்லாம் நட்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

எலும்பு, தின்பண்டம் எதையும் நடுவில் போடாதீர்கள். சண்டை வந்துவிட்டால் நடுவில் கை நீட்டாதீர்கள். உங்கள் சொந்த நாயே அந்த நேரத்தில் உங்கள் கையை அடையாளம் பார்க்காது. ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் அடியுங்கள், இல்லையென்றால் சாக்கை நடுவில் வீசுங்கள். பிள்ளைகளைத் தள்ளியே நிறுத்துங்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே நிழலில் இருங்கள். முகம் வீங்கினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டலாம்.

வீடு திரும்பியதும் காதுக்குள், விரலிடுக்கில், வாலடியில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நாயை மெல்ல மெல்ல உருக்கும். உண்ணியைக் கையால் நசுக்காமல், இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து இழுங்கள்.

கடித்துவிட்டால்?

இத்தனையும் மீறிக் கடி பட்டுவிட்டால் என்ன செய்வது? பெரியவர்கள் சிலர் மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் வைக்கச் சொல்வார்கள். வைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். அதுவே பாதி வைத்தியம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ‘தொப்புளைச் சுற்றி 14 ஊசி’ என்ற பயம் இன்னும் நம் ஊரில் இருக்கிறது. அந்தப் பழைய ஊசி 2005ஆம் ஆண்டோடு நம் நாட்டில் போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள் என்று நாலே தடவை. ஆழமான காயத்துக்குக் காயத்தைச் சுற்றியே இன்னொரு மருந்தும் போடுவார்கள், வேண்டாமென்று சொல்லாதீர்கள். நடுவில் ஒரு தவணையையும் விடக்கூடாது.

‘நம்ம வீட்டு நாய்தானே, பத்து நாள் பார்ப்போம்’ என்று காத்திருக்கிறவர் உண்டு. நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் ஊசியை ஆரம்பித்துவிட்டுக் கவனியுங்கள். காத்திருக்கிற அந்தப் பத்து நாளில் கிருமி காத்திருக்காது. குட்டி கடித்தாலும், நகம் கீறினாலும், புண்ணை நக்கினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ‘நாய் கடித்தாலோ கீறினாலோ அடிக்க மாட்டோம், திட்ட மாட்டோம், உடனே வந்து சொல்லு’ என்று. அடிக்குப் பயந்து கடியை மறைக்கிற பிள்ளைதான் இதில் அதிகம் பறிபோகிறது.

கடைசியாக ஒரு வார்த்தை, மாடு வைத்திருப்பவர்களுக்கு. வெறிநாய் மாட்டையும் கடிக்கும். கடிபட்ட மாட்டுக்கும் ஊசி உண்டு. கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மாடு எச்சில் ஒழுக்கி, முழுங்க முடியாமல் திணறினால், ‘தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது’ என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம்.

அப்படியானால் நாயை வெளியே விடுவதே தொல்லையா? இல்லவே இல்லை. நாய்க்கு ஓட்டம் வேண்டும். 2005ஆம் ஆண்டு நம் ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. அப்படிப்பட்ட வேட்டை இனத்தை நாள் முழுதும் ஒரு தூணில் கட்டிப்போட்டால் அது குரைத்துக் குரைத்தே கெட்டுப்போகும். காலையும் மாலையும் நடை, வாரத்தில் ஒரு நாள் வேலி போட்ட வெளியில் கட்டில்லாத ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயும் சாதுவாக இருக்கும், அண்டை அயலும் நிம்மதியாக இருப்பார்கள்.

ஆகவே, அடுத்த முகாம் எப்போது, எங்கே என்று நாளைக்கே உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். கழுத்துப்பட்டை வாங்க இன்றைக்கே நல்ல நாள். உங்கள் தெருவில் யாரும் வளர்க்காமல் திரியும் நாய்கள் இருந்தால் அவற்றையும் முகாமில் சொல்லுங்கள். அவையும் கணக்கில் சேர்ந்தால்தான் நூற்றுக்கு எழுபது தேறும்.